யார் கேட்டால் சொல்வான்?

புதுச்சேரியில் ‘சொல்தா’ என்றால் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், மாதம் பிறந்தால் பிரான்சுப் பென்ஷன் வாங்குகிறவர், ஜூலை 14 அன்று பதக்கங்களைத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டு கடற்கரையிலுள்ள போர் நினைவுச் சின்னத்துக்குப் போகிறவர். என் அப்பா ஒரு சொல்தா. எங்கள் வீட்டுக்குத் தெருவில் ‘சொல்தா வீடு’ என்றே பெயர். அப்பாவுக்குப் பிறந்த வருஷம் இரண்டு: வீட்டுக் கணக்கில் 1934, பென்ஷன் காகிதத்தில் 1932. பட்டாளத்தில் சேர்வதற்காக வயதைக் கூட்டி எழுதியது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எப்படி எழுதினார்கள், யார் எழுதச் சொன்னார்கள் என்று யாரும் பேசியதில்லை. 1950இல் சேர்ந்தார். அங்கிருந்து நேரே இந்தோசீனப் போர்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபின், ஆப்பிரிக்க எழுத்தாளர் அமாது கூருமாவின் கடைசிக் காலத்து நாவல் ஒன்றைத் தமிழில் கொண்டுவர உட்கார்ந்தேன். அதில் எனக்கு எந்தச் சிரமமும் தராது என்று நான் நினைத்த சொல் ‘சொல்தா’தான். நான்கு வருஷம் என்னை எழவிடாமல் வைத்திருந்ததும் அந்தச் சொல்தான்.

நாவலின் தலைப்பைத் தமிழில் ‘அல்லாஹ்வுக்குக் கட்டாயமில்லை’ என்று சொல்லலாம். 2000இல் வந்தது, அந்த வருஷமே ரெனோதோ பரிசு பெற்றது. கதை சொல்கிறவன் பிராஹிமா, பத்தோ பன்னிரண்டோ வயதுள்ள மாலிங்கே இனப் பையன். தாய் இறந்தபின் உறவுக்காரி ஒருத்தியைத் தேடி லைபீரியாவுக்குள் போகிறான். 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சார்லஸ் டெய்லரின் படை எல்லை தாண்டி உள்ளே நுழைந்ததில் தொடங்கிய போர் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. பையன் கையில் கலாஷ்னிகோவ் வருகிறது. பிறகு சியரா லியோன். கதை சொல்லும்போது அவனிடம் நான்கு அகராதிகள் உண்டு. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அகராதியைப் பார்த்து அதற்குப் பொருளும் சொல்லிக்கொண்டே போகிறான். வெள்ளைக்காரருக்கு ஆப்பிரிக்கச் சொல் புரிய வேண்டும், ஆப்பிரிக்கருக்குப் பிரெஞ்சுச் சொல் புரிய வேண்டும் என்று அவனுக்கு அக்கறை.

அவன் தன்னை ‘ஆன்ஃபான் சொல்தா’ என்கிறான். குழந்தை, ஒரு சிறு கோடு, சிப்பாய். அந்தக் கோட்டைத் தமிழில் எப்படிப் போடுவது?

என் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தேன். தோன்றிய சொற்களை அதில் எழுதுவதும் அடிப்பதுமாக இரண்டு வருஷம் போயிற்று. ‘சிறார் போராளி’ என்று செய்தித்தாள்கள் எழுதும். போராளி என்பது நம்மிடம் மரியாதைச் சொல். எதற்காகவோ போராட முடிவெடுத்தவரைக் குறிப்பது. பிராஹிமா எடுத்த முடிவு, வயிறாரச் சோறும் காலுக்குச் செருப்பும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு எடுத்த முடிவு. ‘சிறுவர் படையினர்’ அரசாணையில் வரும் சொல். அதற்குள் ஒரு பையனும் இல்லை. ‘குழந்தைப் போர்வீரன்’ என்று எழுதிப் பார்த்தேன். வீரம் ஒட்டாமல் வீரன் என்ற சொல் தமிழில் வராது.

அந்த இடத்தில் பல நாள் நின்றேன். ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் பாடிய தாயைப் பள்ளியில் நெஞ்சை நிமிர்த்திப் படித்தவர்கள் நாங்கள். தகப்பனும் கணவனும் அடுத்தடுத்துப் போரில் விழுந்தபின், பறை கேட்டதும் ஒரே மகனை அனுப்புகிறவள். அவள் துணிவைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்த மொழிபெயர்ப்புக்கு நடுவில் ஒரு நாள் அந்தப் பாட்டை எடுத்தபோது, அனுப்புவதற்கு முன்னால் அவள் மகனின் தலைக்கு எண்ணெய் தடவுகிற இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பள்ளிக்கூடம் போகும் பையனுக்கும் தாய் அதைத்தான் செய்வாள். அவன் எத்தனை சின்னவன் என்று வயதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது அந்தக் கை. ‘வீரன்’ என்ற சொல்லைத் தாளில் அடித்தேன்.

அப்புறம் ‘பொடியன்’ வந்தது. ஆங்கிலத்திலிருந்து ‘ஸ்மால் சோல்ஜர்’ என்ற சொல்லையும் பிராஹிமா எடுத்துப் புழங்குகிறான். டெய்லரின் படையிலேயே ‘ஸ்மால் பாய்ஸ் யூனிட்’ என்று ஒரு பிரிவு இருந்தது. அதற்குப் பொடியன் கச்சிதம் என்று மகிழ்ந்துபோனேன். பாரிஸில் என் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் லா ஷப்பெல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பார்ப்பேன். நல்ல வாசகி. என் கையெழுத்துப் பிரதியை வாங்கிப்போய்ப் படித்துவிட்டு, மறுநாள் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னார்: “சேர், இந்தப் பொடியன் எண்ட சொல்லை மட்டும் வைக்காதேங்கோ. எங்கட ஊரில இயக்கத்தைப் பொடியள் எண்டுதான் சொல்லுறது. பொடியள் வந்தவங்கள், பொடியள் அடிச்சவங்கள். எல்லாரும் செல்லமாப் பொடியள், பொடியள் எண்டு சொல்லிச் சொல்லியே, அவங்கள் மெய்யாவே பொடியள்தான் எண்டது எங்கட கண்ணில படேல்ல. என்ர தம்பி போகேக்க பதினைஞ்சு வயசு.”

வாடிக்கையாளர் ஒருவர் வெண்டைக்காயை எடைபோடக் கொடுத்தார். போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து மேலும் சொன்னார்: “பிறகு வலுக்கட்டாயமாக் கொண்டுபோகேக்க சனம் அதுக்கு வேற பேர் வைச்சது. பிள்ளைபிடி.”

2003 முதல் 2008 முடியப் புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்ததாக யுனிசெஃப் பதிவு செய்தவை மட்டும் 6,000க்கு மேல். அவர்களிலிருந்து பிரிந்த கிழக்கு மாகாணக் குழுவும் பிடித்தது. இந்தக் கணக்குகளை முன்பே படித்திருக்கிறேன். ஆனால் ‘பிள்ளைபிடி’ என்ற ஒற்றைச் சொல்லை அவர் சொன்ன விதம் என் தாளில் இருந்த எல்லாவற்றையும் அடித்துவிட்டது. குழந்தை, சிறுவன், சிறார் எல்லாம் வயதைச் சொல்லும் சொற்கள். பிள்ளை உறவைச் சொல்லும். யாருக்காவது பிள்ளையாக இருந்தால்தான் ஒருவன் பிள்ளை. ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘பிள்ளைச் சிப்பாய்’ என்று எழுதினேன். வாயில் கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

சட்டத்துக்கு வயது வேண்டும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனம் 15 வயதுக்குக் கீழ் என்று வரம்பு வைத்தது. குழந்தை உரிமை உடன்படிக்கையோடு 2000இல் சேர்த்த விருப்ப நெறிமுறை, நேரடிச் சண்டைக்கு அதை 18 ஆக்கியது. 2007இல் பாரிஸில் வகுத்த கோட்பாடுகள் ‘சிப்பாய்’ என்பதையே தள்ளிவைத்து, ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய குழந்தைகள் என்று விரித்தன. சமைக்கிற பையன், மூட்டை சுமக்கிறவன், தளபதிக்கு ‘மனைவி’யாக ஆக்கப்பட்ட சிறுமி எல்லோரும் அதில் அடங்க வேண்டும் என்பதால். நியாயமான மாற்றம். வழக்காடவும் மறுவாழ்வு தரவும் அது இல்லாமல் முடியாது. ஆனால் கதை எழுதுகிறவனும் மொழிபெயர்க்கிறவனும் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி வேறு.

அந்த நுனியை நான் ஒருமுறை கைவிட்டேன். நாவலின் ஒரு பகுதியை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பியிருந்தேன். தாயைப் பற்றிய தொடக்கப் பக்கங்கள் இழுக்கின்றன, போர் வரும் இடத்திலிருந்து போடலாம் என்றார் ஆசிரியர். ஒப்புக்கொண்டேன். வெளிவந்தபின் ஒரு வாசகர் கடிதம் எழுதினார்: அந்த நாடுகளில் பிள்ளைகள் இப்படித்தான் பேய்களாக வளர்கிறார்கள் போலிருக்கிறது, படிக்கவே பயமாக இருந்தது என்று. அவர்மேல் தப்பே இல்லை. துப்பாக்கியோடு ஒரு பையனை நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தினால் அவன் பேயாகத்தான் தெரிவான். அவன் எந்த வீட்டிலிருந்து வந்தான் என்பதை வெட்டிக் கொடுத்தவன் நான்.

அந்த வீடு இதுதான். பிராஹிமாவின் அம்மாவுக்குக் காலில் ஆறாத புண். நடக்க முடியாது, புட்டத்தால் தேய்த்துத் தேய்த்துத்தான் நகர்வாள். குடிசை முழுக்க அந்தக் காலின் வாடை. அதற்குள்ளேதான் அவன் தின்கிறான், தூங்குகிறான். பாலகனாகத் தவழ்ந்தபோது அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்கிறான். ஓட முடியாத தாய். பிரெஞ்சில் அந்தப் புண்ணுக்கு ‘உல்சேர்’ என்று மருத்துவச் சொல் வருகிறது. ‘அல்சர்’ என்று போட்டால் நமக்கு வயிற்றுவலி. ‘நாட்பட்ட புண்’ என்றால் மருந்துச் சீட்டு. என் அம்மா சர்க்கரை நோயாளி. கடைசி இரண்டு வருஷம் அவர் காலுக்கு நான்தான் கட்டு மாற்றினேன். பழைய கட்டை அவிழ்க்கும்போது துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். வெந்நீர் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல எடுக்க வேண்டும். முதலில் வாடை வரும். சற்று நேரத்தில் அது வாடையாகத் தெரியாது, அம்மாவாகத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளித்தால் கோபம் வரும். அந்தப் பக்கங்களைத் தமிழாக்கியபோது அகராதியைத் திறக்கவில்லை. ‘புரையோடிப்போன கால்’ என்று எழுதினேன். எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தத் தாயை ஊர் சூனியக்காரி என்கிறது. மகன் நம்பிவிடுகிறான். அவளை விட்டு விலகிப்போகிறான், அவள் மனம் நோகும்படி நடந்துகொள்கிறான். அது பொய் என்று தெரிய வரும்போது அவள் இல்லை. தன்னால் புண்பட்ட மனத்தோடே அம்மா செத்துப்போனாள் என்ற நினைப்போடுதான் அவன் ஊரை விட்டுக் கிளம்புகிறான். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே, தான் சபிக்கப்பட்டவன் என்று நம்புகிற பிள்ளை. பிற்பாடு அவன் செய்யும் கொலைகளை இது மன்னிக்கவில்லை. கூருமாவும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பக்கங்களைப் படித்தவருக்கு அவனைப் பார்த்துப் ‘பேய்’ என்று சொல்ல வாய் வராது. புத்தகமாக வரும்போது முதல் அத்தியாயத்தில் ஒரு வரியும் குறையக் கூடாது என்று பதிப்பாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது, அவன் தேடிப்போகும் உறவுக்காரி. பிரெஞ்சில் ‘தாந்த்’. அந்த ஒரு சொல்லுக்குள் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லோரும் குடியிருக்கிறார்கள். முறை சொல்லாமல் தமிழில் உறவை எழுத முடியாது. ‘அத்தை’ என்று போட்டு நூறு பக்கம் வந்துவிட்டேன். ஏதோ ஒட்டவில்லை. அத்தை என்றால் நமக்கு முறைப்பெண்ணும் சீரும் நினைவுக்கு வரும். அத்தை வீட்டுக்குப் போகிறவன் மருமகனாகப் போகிறான். ஆனால் நாவலில் மாலிங்கே வழக்கம் தெளிவாகச் சொல்லப்படுகிறது: பெற்றவள் இறந்தால் இவள்தான் பிள்ளைக்கு இரண்டாவது தாய், அவனை வளர்க்கக் கடமைப்பட்டவள். நம்மிடம் அதற்கென்றே சொல் இருக்கிறது. சின்னம்மா. நூறு பக்கத்திலும் மாற்றினேன். மாற்றியதும் நாவலின் உருவமே மாறியது. இது ஒரு பையன் போருக்குப் போன கதையாக இல்லை. சின்னம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பையனுக்கு வழியெல்லாம் படைகள் குறுக்கே வந்த கதை. ஒவ்வொரு முகாமிலும் அவன் விசாரிப்பது அவளைத்தான். கண்டுபிடிக்கும்போது அவள் உயிரோடு இல்லை.

குறுக்கே வரும் படைகளும் உறவுச் சொற்களை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிடிக்கின்றன. பிராஹிமா முதலில் மாட்டும் தளபதியின் பெயர் ‘கர்னல் பாப்பா லெ போன்’. பாப்பா என்றால் அப்பா. டெய்லரையும், சியரா லியோனில் ஃபோடே சாங்கோவையும் அவர்களுடைய படைச் சிறுவர்கள் அப்பா என்ற பொருளில்தான் அழைத்தார்கள். ‘கர்னல் நல்லப்பன்’ என்று தமிழில் வைத்தேன். நம் ஊரில் மளிகைக் கடைக்காரருக்கும் இருக்கிற பெயர். அந்தச் சாதாரணம்தான் வேண்டும். படிக்கிறவர் ஒவ்வொரு முறையும் ‘அப்பன்’ என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

சியரா லியோனில் பிள்ளையை வேறொரு வீட்டில் விட்டு வளர்ப்பது பழைய வழக்கம். படிப்புக்காக, தொழிலுக்காக, உறவு விட்டுப்போகாமல் இருப்பதற்காக. கிரியோ மொழியில் அப்படி வளரும் பிள்ளைக்குத் தனிப் பெயரே உண்டு. அங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் சூசன் ஷெப்ளர், படைகள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட விதம் இந்த வழக்கத்தின்மேல் ஏறி உட்கார்ந்ததைக் காட்டியிருக்கிறார். தளபதி வளர்ப்புத் தகப்பனாகிறான், சோறு போடுகிறான், பெயர் வைக்கிறான். எமானுவேல் தொங்கலாவின் 2002 நாவலில் வரும் படைச் சிறுவன் ஜானி தன் பெயரை மூன்று முறை மாற்றிக்கொண்டு கடைசியில் கடிநாய் என்ற பொருளுள்ள பெயரில் வந்து நிற்கிறான். அம்மா அப்பா வைத்த பெயர் போன இடம் தெரியாது. இயக்கப் பெயர் என்றால் என்ன என்று ஈழத்து வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நாவலில் நான் மிகவும் நேசிப்பது, செத்த சிறுவர்களுக்கு பிராஹிமா பேசும் பேச்சு. போகிற வழியில் ஒரு பிள்ளைச் சிப்பாய் செத்தால், கதையை நிறுத்திவிடுவான். அந்தப் பிள்ளை யார், எந்த வீடு, எப்படிப் படைக்கு வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போவான். கீக் என்ற பையன் கண்ணிவெடியில் கால் போய்ச் சாகிறான். பள்ளிக்கூடத்திலிருந்து காட்டுக்கு ஓடி, திரும்பி வந்தபோது தகப்பன், தாய், கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டுக் கிடந்த வீட்டுப் பையன் அவன். எல்லோருக்கும் இந்தப் பேச்சு கிடைக்காது. பிடிக்காதவனுக்குச் சொல்ல மாட்டேன் என்று பிராஹிமா முறுக்கிக்கொள்வான். அந்த முறுக்கும் பிள்ளைத்தனம்தான்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? ‘இரங்கல் உரை’ என்றால் மேடை, மைக், மாலை. ‘ஒப்பாரி’ என்று வைக்க மனம் அடித்துக்கொண்டது, ஒப்பாரியும் உறவை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அழுவதுதானே. ஒரு பகுதியை ஒப்பாரி மெட்டில் எழுதியும் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது. அதனாலேயே தப்பு. பிராஹிமா அழுவதில்லை, படிக்கிறவரை அழவைக்கவும் பார்ப்பதில்லை. அடையாள அட்டையை வாசிப்பதுபோல் வாசிக்கிறான். ‘செத்தவன் கதை’ என்று வைத்தேன். ஒரு பையன் அப்படித்தான் சொல்வான். எழுதிய மெட்டைக் கிழித்துப் போட்டது இந்த வேலையில் நான் பட்ட பெரிய வலி.

மற்ற நூல்களை இதே கண்ணோடு திரும்பப் படித்தேன். டெலியா ஜாரெட்மக்காலேயின் ‘மோசஸ், சிட்டிசன் அண்ட் மீ’ 2006இல் ஆர்வெல் பரிசு பெற்றது. லண்டனிலிருந்து ஜூலியா என்ற பெண் சியரா லியோனுக்கு வருகிறாள். அங்கே அவளுடைய உறவினர் மோசஸ், மனைவியை இழந்த முதியவர். கொன்றது அவர்களுடைய எட்டு வயதுப் பேரன், சிட்டிசன். செய்யவைத்தார்கள், செய்தான். செத்தவளின் கணவரும் கொன்ற பேரனும் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். அவருக்கு மிஞ்சியதும் அவன்தான். படுகொலைகளின் பட்டியலால் தர முடியாத ஒன்றை, அந்த வீட்டுக்குள் ஒரு வேளைச் சாப்பாடு எப்படி நடக்கும் என்ற கேள்வி தருகிறது. அந்தப் பையனைக் ‘கஸின்’ என்று சொல்லி ஆங்கிலம் கடந்துவிடும். தமிழில் அவன் மகன் முறையா, மருமகன் முறையா என்று ஜூலியா சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு லண்டனுக்குத் திரும்பிப் போவது அவளுக்கு அத்தனை லேசாக இருக்காது.

இஷ்மயீல் பேயாவின் தன்வரலாறு 2007இல் வந்தது. அவரைப் படையில் சேர்த்தது அரசு ராணுவம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறுவாழ்வு இல்லத்தில், நடந்தது உங்கள் தவறில்லை என்று ஊழியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பையன்களுக்கு அதைக் கேட்டால் ஆத்திரம் வரும். எஸ்தர் என்ற நர்ஸ் அவருக்கு ஒரு வாக்மேனும் ராப் கேசட்டும் தருகிறார். தழும்புகளைப் பற்றிப் பேச்சு வருவது அதற்கப்புறம்தான். பிறகு ஒரு சித்தப்பா, அதுவரை பார்த்தேயிராத பையனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். (மாமாவாகவும் இருக்கலாம் என்று ஆங்கிலம் கைவிரிக்கும், தகப்பனின் உடன்பிறந்தவர் என்பது கதையில் இருக்கிறது.) சியரா லியோனில் இப்படித் திரும்பியவர்கள் உள்ளிட்ட இளையோர் 500க்கும் மேற்பட்டோரைத் தெரேசா பெட்டன்கோர்ட் என்ற ஆய்வாளர் 2002 முதல் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார். வீடும் ஊரும் ஏற்றுக்கொண்டதா என்பதைப் பொறுத்தே அவர்களில் பலருடைய பிற்கால வாழ்க்கை தேறியது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று.

கூருமாவும் ஒரு சொல்தா. பமாகோவில் மாணவராக இருந்தபோது போராட்டம் நடத்தியதற்காகப் பட்டாளத்தில் பிடித்துப் போடப்பட்டு, பிறகு இந்தோசீனாவுக்கு அனுப்பப்பட்டவர். 1954 வரை அங்கே இருந்தார். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அதே வருஷங்களில் அதே போரில்தான் என் அப்பாவும் இருந்தார். பிராஹிமாவும் அப்பாவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சம்பளம் இருந்தது, சீருடை இருந்தது, பின்னால் பென்ஷனும் இருந்தது. யாரும் அவரைக் காட்டில் வைத்துப் பிடித்துப் போகவில்லை. ஆனால் பதினாறு வயது பதினாறு வயதுதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் பதக்கங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று கேட்டேன். துணியை மடித்தார். பதக்கங்களைப் பெட்டியில் வைத்தார். எழுந்து போய்விட்டார். அதற்குப்பின் 2004இல் இறக்கும்வரை அந்தப் போரைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோதுதான் நான் கேட்டதில் என்ன தப்பு என்று புரிந்தது. எல்லாம் முடிந்து காரில் ஊர் திரும்பும்போது, டாக்டராக இருக்கும் உறவுக்கார இளைஞன், பார்த்தது செய்தது எல்லாவற்றையும் சொல்லும்படி பிராஹிமாவைக் கேட்கிறான். அப்போது பையன் தொடங்கும் பேச்சுதான் நாம் இதுவரை படித்த முழு நாவலும். அந்தப் புத்தகம் பிறந்ததும் அப்படித்தான்: ஜிபூத்தி நாட்டுக் குழந்தைகள் கேட்டுக்கொண்டதால் எழுதியதாக முகப்பிலேயே குறித்திருக்கிறார் கூருமா. அந்த டாக்டர் அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. அன்பாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, நேரம் இருக்கிறது. ‘குட்டி பிராஹிமா’ என்று வரும் அந்த விளிக்கு நான் ‘தம்பி’ என்று போட்டேன்.

போட்ட மறுகணம் தெரிந்துவிட்டது, முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டும் என்று. பிரெஞ்சில் பையன் எதிரிலிருப்பவரை ‘வூ’ என்கிறான். கூட்டத்தைப் பார்த்துச் சொல்வதாக நினைத்து ‘நீங்கள்’ என்று அச்சுத் தமிழில் எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். மேடைப் பேச்சாளன்போல் இருந்தான் பையன். ஆனால் அவன் பேசிக்கொண்டிருந்தது ஒரு அண்ணனிடம். கெட்ட வார்த்தை வரும், கோபம் வரும், சில இடங்களில் குரல் தாழும். எல்லாமே அண்ணனுக்குச் சொல்வது. ‘நீங்கள்’ ஒவ்வொன்றும் ‘நீங்க’ ஆயிற்று. அதோடு வினைச்சொற்கள் மாறின, வாக்கியங்கள் சுருங்கின, சில பத்திகளின் மூச்சே மாறியது. பதினோரு மாதம் பிடித்தது.

அது முடிந்த வாரம் முத்தியால்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவின் தங்கை, எண்பத்தைந்து தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். அப்பா பட்டாளத்துக்குப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, “அத்தை, உங்க அண்ணன் போன அன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்றேன். நிறைய நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே ஆரம்பித்தாள்.

“அண்ணனுக்கு அப்ப மீசைகூட முளைக்கலடா. வீட்டுல ஏழு பேரு. பதினெட்டு ஆச்சின்னு பெரியவங்க யாராச்சும் வந்து கையெழுத்துப் போட்டாதான் எடுப்பாங்களாம். உங்க தாத்தாதான் போட்டாரு. போட்டுட்டு வந்து திண்ணையில உக்காந்தவரு, ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டதுக்கு எழுந்திரிக்கவே இல்ல.”